ஒரு மூட்டை டிஏபி, எழுபது ஏக்கர் பச்சைத் தண்ணீர்

டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையின் மேல் 18-46-0 என்று அச்சடித்திருக்கும். முதல் எண் தழைச்சத்து (நைட்ரஜன்), நடுவில் மணிச்சத்து, கடைசி சாம்பல் சத்து (பொட்டாஷ்). நடு எண்ணைப் பார்த்து மூட்டையில் பாதிக்குப் பாதி பாஸ்பரஸ் என்று நினைத்துவிடக் கூடாது. உரக் கணக்கில் மணிச்சத்தை பாஸ்பரஸ் பென்டாக்சைடாக எழுதுவது பழைய வழக்கம். அதன் எடையில் பாஸ்பரஸ் 44 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. 50 கிலோ மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ. அதை 0.436-ஆல் பெருக்கினால் 10 கிலோ. ஆக, ஒரு மூட்டை டிஏபிக்குள் இருப்பது 10 கிலோ பாஸ்பரஸ். இந்தப் பதிவில் மணிச்சத்து என்றால் மூட்டைக் கணக்கு, பாஸ்பரஸ் என்றால் தனிமத்தின் எடை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாக் கணக்கும் இரண்டு மடங்குக்கு மேல் பிசகும்.

இந்த 10 கிலோவை ஏரிக் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்த பாஸ்பரஸ் 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் அந்த ஏரியில் சத்து மிஞ்சிவிட்டது, பாசி பெருகத் தயார் என்று எடுத்துக்கொள்வார்கள். ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் நாடுகள் நடத்திய ஆய்வு வகுத்த எல்லை அது. 10 கிலோவை 35 மைக்ரோகிராமால் வகுத்தால் 28 கோடியே 57 லட்சம் லிட்டர் வருகிறது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீராகப் பரப்பினால் 28.5 ஹெக்டேர், அதாவது 70 ஏக்கர். சுத்தமாக இருந்த 70 ஏக்கர் ஏரியைப் பச்சையாக்க ஒரே ஒரு மூட்டை போதும். இது தாளில் போட்ட கணக்குதான். கரைந்து வரும் பாஸ்பரஸில் ஒரு பங்கை வழியிலுள்ள மண்ணும் புல்லும் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் எந்த அளவில் பேசுகிறோம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

வயல் பக்கம் நின்று பார்த்தால் இதே அளவு அற்பமாகத் தெரியும். மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150:50:50 (தழை, மணி, சாம்பல் சத்து, கிலோவில்) என்பது தமிழ்நாட்டில் பொதுப் பரிந்துரை. 50 கிலோ மணிச்சத்து என்றால் 22 கிலோ பாஸ்பரஸ். அதில் ஒரு கிலோ வாய்க்காலில் போய்விட்டது என்று வையுங்கள். ஐந்து விழுக்காடுகூட இல்லை. விளைச்சலில் தெரியாது, பயிரின் நிறத்தில் தெரியாது. மூட்டை 1,350 ரூபாய் என்றால், கூடவே போகும் தழைச்சத்தையும் சேர்த்து நட்டம் 135 ரூபாய். இரண்டரை ஏக்கரில் 135 ரூபாய் நட்டத்தை எந்த விவசாயி கவனிப்பார்? அந்த ஒரு கிலோவை வைத்துக்கொண்டு, வேறெந்தச் சத்தும் குறையாவிட்டால், பாசி ஈர எடையில் ஏறத்தாழ 500 கிலோ வளர்ந்துவிடும். பாசிப்பெருக்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'அளவுக்கு மீறி உரம் போடுகிறார்கள்' என்பதில் போய் முட்டிக்கொள்கிறது. சரியான அளவு போட்டவருடைய வயலிலிருந்தும் ஏரியைக் கெடுக்கும் அளவு போக முடியும் என்பதுதான் சிக்கல். எவ்வளவு போட்டோம் என்பதைவிட, எங்கே போட்டோம், எப்போது போட்டோம், எத்தனை நாள் கழித்து மழை வந்தது என்பவை கூடுதலாகத் தீர்மானிக்கின்றன.

ஏன் பாஸ்பரஸ், ஏன் தழைச்சத்து இல்லை?

பாசியின் உடலில் கரி (கார்பன்), தழைச்சத்து, பாஸ்பரஸ் மூன்றும் அணு எண்ணிக்கையில் 106:16:1 என்ற விகிதத்தில் இருக்கும். எடையில் சொன்னால் ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஏழு பங்கு தழைச்சத்து, நாற்பது பங்கு கரி. கரி காற்றிலிருந்து தாராளமாகக் கிடைக்கும். தழைச்சத்து மழையில், சாக்கடையில், யூரியா கரைசலில் எல்லாம் வரும். ஆனால் பாஸ்பரஸ் காற்றில் இல்லை. மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. இயல்பான ஏரித் தண்ணீரில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுதான் கடிவாளம். நன்னீர் ஏரிகளில் அந்தக் கடிவாளம் பெரும்பாலும் பாஸ்பரஸ். டிஏபியில் தழைச்சத்தும் பாஸ்பரஸும் 9-க்கு 10 என்ற எடையில் இருக்கின்றன. பாசி கேட்பது 7-க்கு 1. கடிவாளத்தையே அள்ளிக்கொடுப்பது போலத்தான்.

இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது கனடாவில் ஒரு சோதனை. ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் ஏரிகளையே ஆய்வுக்கூடமாக ஒதுக்கிய பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே 226 என்று எண்ணிட்ட ஏரி நடுவில் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். 1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அந்த ஒடுக்கத்தில் நைலானால் வலுவூட்டிய வினைல் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கரியும் தழைச்சத்தும் மட்டும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் மட்டும் பச்சையானது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம்தான் சலவைத் தூளில் பாஸ்பேட் கூடாது என்ற வாதத்துக்கு வேறெந்த அட்டவணையையும்விட வலுச் சேர்த்தது.

'அப்படியானால் தழைச்சத்தைக் குறைத்தும் பாசியைப் பட்டினி போடலாமே' என்று கேட்பவர்களுக்குப் பக்கத்திலிருந்த 227-ஆம் எண் ஏரி பதில் சொன்னது. அங்கே 1990 முதல் தழைச்சத்து இடுவதை முற்றிலும் நிறுத்திவிட்டு பாஸ்பரஸை மட்டும் தொடர்ந்தார்கள். ஏரி பச்சையாகவே இருந்தது. காரணம் நெல் விவசாயிகளுக்குப் புதிதல்ல. நட்ட வயலில் நீலப்பச்சைப்பாசியை உயிர் உரமாகத் தூவுவது எதற்காக? காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துத் தரும் என்பதற்காகத்தானே. வயலில் நண்பனாக இருக்கும் அதே குணம்தான் ஏரியில் வில்லங்கம். தழைச்சத்து குறைந்தால், அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இனங்கள் மேலெழுந்து மற்றவற்றின் இடத்தைப் பிடிக்கும்.

இதற்காகத் தழைச்சத்தை முழுதாக விடுவித்துவிடவும் முடியாது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசி காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கத் தெரியாத இனம். அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சின் பரவலான வகையில் ஒவ்வொரு மூலக்கூறிலும் பத்து நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. யூரியாவும் சாக்கடையும் தாராளமாக வரும் ஏரியில் அதே பாசி கூடுதல் நஞ்சோடு இருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு பாசி வளரும் என்பதைப் பெரும்பாலும் பாஸ்பரஸ் முடிவு செய்கிறது. அது எவ்வளவு கொடியதாக இருக்கும் என்பதில் தழைச்சத்துக்கும் பங்குண்டு.

ஈரி: ஒருமுறை பிழைத்து, மறுபடி விழுந்த ஏரி

அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. (ஈரி ஏரி என்று வேகமாகச் சொன்னால் நாக்கு சுளுக்கும்.) சராசரி ஆழம் 19 மீட்டர், அதன் மேற்குப் பகுதியில் 7.4 மீட்டர்தான். அந்த மேற்கு மூலையில் மாமி ஆறு வந்து விழுகிறது. ஆற்றின் வடிநிலம் ஏறத்தாழ 17 லட்சம் ஹெக்டேர். பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும் விளையும் களிமண் பூமி. 19-ஆம் நூற்றாண்டில் வடித்து வயலாக்கிய பெரும் சதுப்பு நிலமும் அதில் அடக்கம். வடிகால் இல்லாமல் அங்கே விவசாயமே இல்லை. அதனால் வயலுக்கு அடியில், மூன்றடி ஆழம் வாக்கில், துளையிட்ட குழாய்களைப் புதைத்து நீரை வடிக்கிறார்கள். இந்தக் குழாய்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

1960-களில் ஈரி 'செத்த ஏரி' என்று பெயர் வாங்கியது. அப்போது பெரிய குற்றவாளிகள் நகரச் சாக்கடையும் சலவைத் தூளும். 1972-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. 1978-இல் ஆண்டுக்கு 11,000 டன் பாஸ்பரஸ்தான் உச்ச வரம்பு என்று நிர்ணயித்தன. சாக்கடைச் சுத்திகரிப்பில் பாஸ்பரஸை வீழ்படிவாக்கிப் பிரித்தார்கள், சலவைத் தூளிலிருந்து அதை எடுத்தார்கள். 1980-களில் இலக்கு எட்டப்பட்டது, பாசி அடங்கியது. குழாய் முனையில் வருவதைக் குழாய் முனையில் பிடிப்பது எளிது, அதனால் வெற்றி.

1990-களின் நடுவிலிருந்து பாசி திரும்பியது. 2011-இலும் 2015-இலும் பெருக்கம் உச்சத்துக்குப் போனது. வியப்பு என்னவென்றால் ஏரிக்கு வரும் மொத்த பாஸ்பரஸ் அந்த அளவுக்குக் கூடவில்லை. கூடியது அதில் கரைந்த நிலையில் வரும் பங்கு. இந்த வேறுபாடு தெரியாமல் உரக் கசிவைப் பற்றிப் பேசுவது வீண்.

பாஸ்பரஸ் வயலை விட்டு இரண்டு வேடத்தில் கிளம்புகிறது. ஒன்று மண் துகளோடு ஒட்டிக்கொண்டு, கலங்கல் நீரில். இதில் கால் பங்கு அல்லது சற்று மேல்தான் பாசிக்கு உடனே உதவும்; மிச்சம் சேற்றோடு அடியில் படியும். மற்றொன்று தண்ணீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல். இது கிட்டத்தட்ட முழுக்கப் பாசிக்கு நேராகப் போகும். கலங்கிய ஆறு மோசமாகத் தெரியும், தெளிந்த வடிகால் நீர் நல்லதாகத் தெரியும். பாசியின் கணக்கில் பெரும்பாலும் தலைகீழ்.

1990-களில் அந்த வடிநிலத்தில் உழவில்லா விவசாயம் பரவியது. நோக்கம் நல்லது: மண் அரிப்பைத் தடுப்பது. மண் அரிப்பு குறையவும் செய்தது. ஆனால் உழாத நிலத்தில் மேலே தூவிய உரம் மேலேயே கிடந்தது. பாஸ்பரஸ் மண்ணுக்குள் ஊறும் தண்ணீரோடு எளிதில் கீழிறங்காது. விழுந்த இடத்தில் மண்ணோடு பிணைந்து நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு மேல் இரண்டு அங்குலத்தில் அது சேர்ந்துகொண்டே போனது. உழவில்லாததால் மண்புழுத் துளைகளும் வெடிப்புகளும் கலையாமல் இருந்தன. மழை பெய்தால் மேல்மண்ணைத் தொட்ட தண்ணீர் அந்தத் துளைகள் வழியே நேராகப் புதைகுழாயில் இறங்கி ஓடைக்குப் போனது. நடுவிலுள்ள மூன்றடி மண்ணுக்கு அதை வடிகட்ட வாய்ப்பே கிடைக்கவில்லை. மக்காச்சோளத்துக்கும் அடுத்து வரும் சோயாவுக்கும் சேர்த்து இரண்டு ஆண்டு உரத்தை ஒரே தடவையில், அதுவும் அறுவடை முடிந்த இலையுதிர் காலத்தில் கொட்டும் வழக்கமும் இருந்தது. தரை சும்மா கிடக்கும் மாதங்களில் உரம் மேலே, பயிர் இல்லை, பனி உருகுகிறது, மழை வருகிறது. புதைகுழாய்கள் கூடியதும் கனமழை கூடியதும் சேர்ந்துகொண்டன. இவற்றில் எதற்கு எத்தனை பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. மண்ணைக் காக்கச் செய்த நல்ல காரியம், உரத்தைப் போடும் முறையை மாற்றாததால், ஏரிக்கு எதிராகத் திரும்பியது என்பதே என் வாசிப்பு. இதற்காக உழவில்லா விவசாயத்தைத் திட்டுவது தவறு. உழாமலே உரத்தை மண்ணுக்குள் வைக்கக் கருவிகள் உண்டு. தூவுவது மலிவு, அவ்வளவுதான்.

2014 ஆகஸ்ட் 2 அதிகாலை, மாமி ஆற்று முகத்திலிருக்கும் டொலிடோ நகரம் 'குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள்' என்று அறிவித்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேருக்கு மூன்று நாள் குடிநீர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைச் சுத்திகரித்த நீரில் மைக்ரோசிஸ்டின் தாண்டியிருந்தது. காய்ச்சினால் என்ன என்று நம் வீடுகளில் முதலில் தோன்றும். இந்த நஞ்சு கொதிநிலையில் அழியாது. தண்ணீர் ஆவியாகக் குறைய, மிஞ்சிய தண்ணீரில் அடர்த்தி கூடத்தான் செய்யும். சுத்திகரிப்பு நிலையத்தில் தொடக்கத்திலேயே குளோரின் விட்டாலும் பாசியின் செல்கள் உடைந்து உள்ளிருக்கும் நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். செல்லை உடைக்காமல் முழுசாகப் பிரித்தெடுத்துவிட்டு, கரைந்திருப்பதைக் கரித்தூளால் பிடிப்பதே முறை. இன்னொன்று: 2014-இன் பாசிப்பெருக்கு மிகப் பெரியதல்ல. காற்று அதை நீரெடுக்கும் இடத்துக்குத் தள்ளி, மேல் படலத்தைக் கீழே கலக்கிவிட்டது. ஏரி முழுக்கப் பச்சையானால்தான் ஆபத்து என்றில்லை.

பிறகு வந்த விதிகளில் ஒன்று நமக்கும் பாடமாகும். 2015-இல் ஓஹாயோ மாநிலம் ஈரியின் மேற்கு வடிநிலத்துக்குச் சட்டம் போட்டது: நிலம் உறைந்திருந்தாலோ தண்ணீரில் ஊறியிருந்தாலோ உரம் தூவக் கூடாது, அடுத்த 12 மணி நேரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் மழை பெய்ய 50 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு என்று முன்னறிவிப்பு இருந்தாலும் குருணை உரத்தைத் தூவக் கூடாது. மண்ணுக்குள் செலுத்தினால் விலக்கு உண்டு. 2016-இல் இரு நாடுகளும் 2008-இன் அளவிலிருந்து 40 விழுக்காடு குறைப்பது என்று முடிவெடுத்தன. மாமி ஆற்றுக்கு மார்ச் முதல் ஜூலை வரை மொத்த பாஸ்பரஸ் 860 டன், அதில் கரைந்தது 186 டன் என்பது இலக்கு. அந்தப் பருவத்தின் வரத்துதான் கோடைப் பாசியின் அளவைத் தீர்மானிக்கிறது. 186 டன்னை 17 லட்சம் ஹெக்டேருக்குப் பங்கிட்டால் ஹெக்டேருக்கு 110 கிராம். டிஏபியாகச் சொன்னால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல், இரண்டரை ஏக்கருக்கு!

ஏரிக்குள் நடப்பது

நீலப்பச்சைப்பாசி பலவற்றின் செல்களில் நுண்ணிய காற்றுப் பைகள் உண்டு. அதனால் வேண்டும்போது மேலே மிதக்கும். காற்றில்லாத வெயில் காலையில் ஏரி முழுக்கப் பச்சைப் பெயின்ட் கொட்டியது போலத் தெரிவது இதனால். மேலே குடை பிடித்ததும் கீழேயுள்ள மற்ற பாசிகளுக்கும் நீர்ச்செடிகளுக்கும் வெளிச்சம் போய்விடும். பகலில் ஒளிச்சேர்க்கை தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஹெச் 9-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் அமோனியம், மீனுக்கு நஞ்சான அமோனியாவாக மாறும். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை, சுவாசம் மட்டும். விடியும் முன்பு ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நிற்பது அந்த நேரத்தில்தான். அதிகாரிகள் காலை பதினொரு மணிக்கு வந்து ஆக்சிஜனை அளந்து 'அளவு சரியாகத்தானே இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போவதும் இதனால்தான். அளக்க வேண்டியது விடியற்காலை ஐந்து மணிக்கு.

செத்த பாசி அடியில் மக்கும்போது அங்கே ஆக்சிஜன் தீர்கிறது. சேற்றில் பாஸ்பரஸை இதுவரை பிடித்து வைத்திருந்தது துருப்பிடித்த இரும்பு. ஆக்சிஜன் போனதும் அந்த இரும்பு கரைந்து, பிடித்திருந்த பாஸ்பரஸையும் விட்டுவிடும். அது மேலே வந்து அடுத்த பாசிக்குத் தீனியாகும். பல ஆண்டு சேர்ந்த சேறு இருந்தால், வரத்தை இன்றைக்கே நிறுத்தினாலும் ஏரி தன் சேமிப்பிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டு கோடையில் பலன் தெரியவில்லை என்று திட்டத்தைக் கைவிடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெல் வயலில் எங்கே கசிகிறது

ஈரியின் கதையை அப்படியே நம் ஏரி, கண்மாய்க்குப் பொருத்த முடியாது. நம் ஊர் நகர ஏரிகளில் சாக்கடையைத் தீர்க்காமல் விவசாயி மேல் பழி போடுவது நியாயமும் இல்லை. ஆனால் ஏரிக்கு மேலே நெல் இருந்தால் உரம் கசியும் வழிகள் குறிப்பானவை. புதைகுழாய் இல்லை, மடைதான் நம் குழாய்.

முதல் கசிவு சேற்றுழவு முடிந்த அன்றே. உழுது கலக்கிய சேற்று நீரை நடவுக்கு வசதியாக உடனே மடையைத் திறந்து வடித்தால், மண் துகளோடு ஒட்டிய பாஸ்பரஸ் மொத்தமாகப் போகிறது; அடியுரம் போட்ட பிறகு என்றால் கரைந்ததும் சேர்ந்து போகிறது. சேறு படியும் வரை, குறைந்தது ஒரு நாள், நீரை நிறுத்தி வைத்தால் பெரும்பகுதி வயலிலேயே தங்கும். அதைவிட நல்லது, வடிக்கத் தேவையில்லாத அளவுக்குத் தண்ணீரை முதலிலேயே அளந்து கட்டுவது.

அடுத்தது மேலுரமாக டிஏபி தூவுவது. மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகப் போட வேண்டும் என்பது பரிந்துரை. பிரித்துப் போட வேண்டியது யூரியாவை. இருந்தும் யூரியாவோடு டிஏபியையும் கலந்து நின்ற தண்ணீரில் வீசும் பழக்கம் இருக்கிறது. தூவிய முதல் சில நாள்கள் வயல் நீரில் பாஸ்பரஸ் உச்சத்தில் இருக்கும். பிறகு சேறு அதை இழுத்துக்கொள்ளும். சம்பாவுக்கு இந்த மேலுரக் காலம் வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. தூவிய மறுநாள் வரப்பு வழிந்தால் போட்டது ஏரிக்கு. கடைசி உழவில் தூவி மண்ணோடு மடித்துவிட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. தவிர்க்க முடியாமல் தண்ணீரில் போட்டால் ஒரு வாரம் மடை அடைத்திருக்க வேண்டும், வரப்பில் நாலு விரல் உயரமாவது மிச்சம் இருக்க வேண்டும். எலி வளை ஒன்று போதும், அத்தனையும் வீண்.

மூன்றாவது, தேவையே இல்லாத இடத்தில் போடுவது. ஹெக்டேருக்கு 5 டன் நெல் விளைந்தால் மணியோடு வெளியே போகும் பாஸ்பரஸ் 10 முதல் 12 கிலோ. போடுவது 22 கிலோ. வைக்கோல் மறுபடி வயலுக்கே வந்தால் மிச்சம் பெரும்பாலும் மண்ணில் சேர்கிறது. மண் பரிசோதனை அட்டையில், பயிருக்குக் கிடைக்கும் நிலையிலுள்ள பாஸ்பரஸ் ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்று வந்தால் 'அதிகம்' என்ற வகை. 11-க்குக் கீழ் 'குறைவு'. 'அதிகம்' என்று வந்த வயலுக்கும் அதே ஒரு மூட்டையைப் போடுவது பழக்கத்தால்தான். மண்ணில் பிணைந்த பாஸ்பரஸைக் கரைத்துத் தரும் உயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவை இட்டு, மணிச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம். விளைச்சல் குறைகிறதா என்பதை வயலின் ஒரு மூலையில் சோதித்தாலே தெரிந்துவிடும்.

இயற்கை உரம் என்றால் பாசி வராது என்ற நம்பிக்கையும் உண்டு. கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 விழுக்காடு, மணிச்சத்து 2.6 விழுக்காடு. நெல்லுக்கு வேண்டிய 150 கிலோ தழைச்சத்தை முழுக்கக் கோழி எருவாலேயே கொடுக்க நினைத்தால் 5 டன் கொட்ட வேண்டும். அதோடு 130 கிலோ மணிச்சத்து வந்து சேரும், தேவையைப் போல் இரண்டரை மடங்கு. கோழிப்பண்ணைகள் நெருங்கிய பகுதிகளில் இதுதான் நடக்கிறது. எருவை மணிச்சத்துக் கணக்கில் அளந்து, தழைச்சத்துப் பற்றாக்குறையை வேறு வழியில் சரிசெய்வதே சரி.

பச்சையான பிறகு

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றுவது முதலில் நினைவுக்கு வரும் வைத்தியம். பாசி சாகும், உண்மை. செத்த செல்களிலிருந்து நஞ்சு மொத்தமாக வெளியே வரும், மக்கும்போது ஆக்சிஜன் சரிந்து மீனும் சாகும், பாஸ்பரஸ் அப்படியே இருக்கும், செம்பு சேற்றில் சேரும். குடிக்கவோ மீன் வளர்க்கவோ பயன்படும் நீரில் இதைத் தவிர்ப்பது நல்லது. 'நல்ல பாக்டீரியா' பொடிகளும் உருண்டைகளும் விற்கிறார்கள். எந்தப் பாக்டீரியாவும் பாஸ்பரஸை ஆவியாக்காது. ஒரு உடலிலிருந்து இன்னொரு உடலுக்கு மாற்றும், அவ்வளவே. படிகார வகை அலுமினிய உப்பு பாஸ்பரஸை உண்மையிலேயே பிணைத்து அடியில் உட்கார வைக்கும். ஆனால் பிஹெச் 6-க்குக் கீழே போனால் கரைந்த அலுமினியம் மீனைக் கொல்லும்; வரத்து தொடர்ந்தால் போட்ட பூச்சின் மேல் புதுச் சேறு படிந்து பலன் போகும்.

ஆகாயத்தாமரை பாஸ்பரஸை உறிஞ்சும் என்பது சரிதான். கணக்கு மட்டும் சோர்வு தரும். ஒரு டன் ஈரச் செடியில் உலர் எடை 50, 60 கிலோ; அதில் பாஸ்பரஸ் தோராயமாகக் கால் கிலோ. ஒரு மூட்டை டிஏபியின் பாஸ்பரஸை வெளியேற்ற 40 டன் செடியை வார வேண்டும். வாரியதைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே. வயலுக்கோ எருக்குழிக்கோ கொண்டுபோனால்தான் கணக்கில் சேரும்.

என் கருத்தில் நம் பழைய வழக்கமே இவற்றில் சிறந்தது: கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வெட்டி வயலில் அடிப்பது. பாஸ்பரஸ் அதிகம் தங்குவது அந்த மேல் வண்டலில்தான். போனதை எடுத்துப் போன இடத்திலேயே போடுகிறோம். ஆண்டு முழுக்க வற்றாத ஈரிக்கு இந்த வாய்ப்பு இல்லை. வெட்டும்போது அடியிலுள்ள களிமண் படுகையைத் துளைத்துவிடாமல் இருந்தால் சரி. துளைத்தால் தண்ணீர் நிற்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி அளப்பது

ஒரு குச்சியை விட்டு எடுங்கள். பச்சை முடிபோல் நூல் நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி. அசிங்கம், ஆனால் பெரும்பாலும் நஞ்சில்லாதது. பெயின்ட் பூசியது போல் ஒட்டினால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் உறுதிக்கு, கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நீரெடுத்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே வளையமாகத் திரண்டிருந்தால் பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. அடியில் படிந்திருந்தால் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். நஞ்சு உண்டா இல்லையா என்பதை இது சொல்லாது. சந்தேகம் இருந்தால் மாட்டை அங்கே தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

பாஸ்பேட் சோதனைப் பெட்டி வாங்கி ஏரி நீரில் சோதித்தால் ஒரு பொறி காத்திருக்கிறது. ஏரி பச்சைப் பசேலென்று இருக்கும், சோதனை 'பூஜ்யம்' காட்டும். பாஸ்பரஸ் எல்லாம் பாசியின் உடலுக்குள் இருக்கிறது. தண்ணீரில் கரைந்து மிச்சமில்லை. அந்தப் பெட்டி கரைந்ததை மட்டுமே பார்க்கும். ஆய்வகத்தில் அமிலத்தில் செரிக்கவைத்துப் பார்க்கும் 'மொத்த பாஸ்பரஸ்' சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். முடிவு பாஸ்பேட்டாக வந்தால் 3.07-ஆல் வகுத்தால் பாஸ்பரஸ். மலிவுப் பெட்டிகள் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே பிரித்துச் சொல்ல மாட்டா. பாசிக்கோ 0.035 போதும்.

எங்கிருந்து வருகிறது என்று அறிய, ஏரியின் நடுவில் அல்ல, ஏரிக்குள் நுழையும் ஒவ்வொரு வாய்க்காலின் வாயிலும், உரம் போட்ட பிறகு வரும் முதல் கனமழையின் முதல் சில மணி நேரத்தில் நீரெடுக்க வேண்டும். வறண்ட நாளில் எடுத்தால் சாக்கடை மட்டும் தெரியும், வயல் தெரியாது. ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில்: ஒன்று எடுத்த இடத்திலேயே வடிகட்டிக் கரைந்ததற்கு, ஒன்று வடிகட்டாமல் மொத்தத்துக்கு. இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். பாட்டில்களைச் சலவைத் தூளோ சோப்போ போட்டுக் கழுவாதீர்கள். தூளில் பாஸ்பேட் இருந்தால் நீங்கள் அளப்பது அதைத்தான்.